படகில்லாத படம்

பிப்ரவரி 3
தீவுக்கு வந்தாயிற்று. அக்காவைப் பார்க்க என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் எதிர்க்க வந்திருக்கிறேன். இந்தக் கடற்கரையில் பெரிய விடுதி வரப்போகிறது. பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதித் தடுத்துவிடுவது திட்டம். என் வயதில் இப்படியெல்லாம் தோன்றும்.

பிப்ரவரி 4
அந்த மணலில்தான் அத்தானும் மற்றவர்களும் படகுகளை ஏற்றி வைக்கிறார்கள். மற்ற பக்கமெல்லாம் பாறை. மணல் போனால் தொழில் போயிற்று. அக்கா இதை மீன் கழுவிக்கொண்டே, மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

பிப்ரவரி 6
காலை வெளிச்சம் அற்புதம். ஆனால் எங்கே திரும்பினாலும் ஒரு படகு, ஒரு வலைக்குவியல், ஒரு டீசல் கேன். கட்டுரைக்குப் படம் வேண்டுமே. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" என்றார் அத்தான். மற்றவர்களைக் கூப்பிட்டார். "வாங்கடா. நம்ம படிப்பாளி கரையக் காப்பாத்தப் போகுது. கொஞ்சம் இடத்தக் காலி பண்ணுங்க."

எல்லாப் படகுகளையும் கரை வளையும் முனைக்கு அப்பால் கொண்டுபோய்த் தண்ணீரிலேயே நிறுத்தினார்கள். ஒருவர் காலடித் தடங்களைக்கூடத் தென்னை மட்டையால் கூட்டிவிட்டார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு கூட்டல," என்றாள் அக்கா.

பிப்ரவரி 7
தலைப்பு வைத்தேன்: 'மனிதக் கை படாத கரை.' நன்றாக வந்திருப்பதாக எனக்கே தோன்றுகிறது. நல்ல அறிகுறி இல்லை.

மார்ச் 2
கட்டுரை வெளியாகிவிட்டது. கல்லூரியில் பேராசிரியர் பாராட்டினார். படத்தை.

மார்ச் 19
தீவில் கருத்துக் கேட்புக் கூட்டம். விடுதிக்காரர்களின் வக்கீல் சுருக்கமாகப் பேசினார். யாரும் புழங்காத இடம், யாருக்கும் இழப்பில்லை. ஆதாரம்? திரையில் என் படம். கீழே என் தலைப்பு.

நான் வாய் திறப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார். கடைசி வரிசை, வக்கீல் பேசியது காதில் விழவில்லை, படம்தான் தெரிந்தது.

"ஐயா, அது எங்க மச்சினிச்சி எடுத்த படம்!"

கைதட்டல். எங்கள் பக்கத்திலிருந்துதான்.

படகுகளை நகர்த்தச் சொன்னதே நான்தான் என்று சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க பத்திரிகையில போட்டது பொய்யாம்மா?"

பொய்யில்லை. அழகியல். இதை ஒரு அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 20
அத்தான் வழக்கம்போலக் கடலுக்குப் போய்விட்டார். அக்கா கேட்டாள். "கரையக் காப்பாத்தணும்னா எங்கள எதுக்குடி ஓரமாப் போகச் சொன்ன? அசிங்கமாத் தெரிஞ்சுதா?"

இல்லக்கா. — இல்லையா? ஐயோ, எனக்கே தெரியலையே.

அடுத்த வருடம், டிசம்பர் 11
அக்கா போன் செய்தாள். விடுதியைத் திறந்துவிட்டார்கள். வருகிறவர்களுக்குக் கரை வெறிச்சென்று இருக்கிறதாம். அத்தானுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். காலையில் படகை மணலில் இழுத்துப் போட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். கடலில் இறங்கக் கூடாது.

"நேத்து போட்டோ எடுத்த ஒரு அம்மா அவரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிச்சாம்," என்றாள். "படகு மறையுதாம்."

"அத்தான் என்ன பண்ணாரு?"

"தள்ளி நின்னாரு."