இடது மட்கார்டு

1974 டிசம்பர் 3

இல்லை, நான் பார்த்ததில்லை. இந்த லயத்தின் வரிசை வீடுகளில் யாருமே பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் பயப்படுகிறோம்.

இலங்கை மலையில் இந்தக் காட்டெருமை கிடையாது. சிறுத்தை உண்டு, அட்டை உண்டு. அவற்றுக்கு எப்படிப் பயப்படுவது என்று தெரியும். இது புதுப் பயம். கப்பலில் வந்து இறங்கிய எங்களுக்கு இந்த ஊட்டி மலை கொடுத்தது.

மேஸ்திரி வேலன் இந்தப் பக்கத்து ஆள். புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டிருக்குமுங்க. ஒடம்பு பூராக் கறுப்பு. மூடுபனில நின்னா பாறைன்னு நெனச்சுக்குவீங்க. அடிபட்டுதுன்னா மட்டும் கிட்டக்க நிக்கப்படாதுங்க, திரும்பி வந்து குத்திப்போடும்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அப்பா சிரிக்கவில்லை. அவர் துரையின், அதாவது தோட்ட மானேஜரின், டிரைவர்; தினமும் அந்தக் காட்டுச் சாலையில் போய் வருகிறவர். அடிபட்டால் நிச்சயம் திரும்பி வருமா என்று மறுபடியும் கேட்டார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தத்துவம் படித்தேன். அச்சத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல பெயரும் வாங்கினேன். அதில் ஒரு வரியும் இங்கே வேலைக்கு ஆகவில்லை.

டிசம்பர் 5

சுப்பம்மாவைக் காட்டெருமை முட்டிவிட்டது.

நேற்று இருட்டுகிற நேரம். விறகுக்கட்டோடு நடுவட்டத்துச் சாலையில் வந்துகொண்டிருந்தவள், வளைவில் சாக்கடைக்குள் கிடந்தாள். தொடை எலும்பு போய்விட்டது. விலாவிலும் அடி. எஸ்டேட் லாரியில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் புருஷன் பழனியாண்டி மேல்சட்டை இல்லாமலே லாரியில் ஏறிவிட்டார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி இருப்பவர்கள். கப்பலை விட்டு இறங்கித் தங்கிய மண்டபம் முகாமிலும் எங்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார்கள்.

அப்பா அதற்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தார். துரையை ஊட்டியில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியவர். செய்தியைக் கேட்டதும் எந்த வளைவு என்று மட்டும் கேட்டார். சாப்பிடவில்லை. தலைவலி என்றார்.

டிசம்பர் 6

பெண்கள் கும்பலாகத்தான் கொழுந்தெடுக்கத் தேயிலை மலைக்கு இறங்குகிறார்கள். எங்கே கறுப்பாகத் தெரிந்தாலும் கத்துகிறார்கள். நானும் ஒரு பாறையைப் பார்த்துக் கத்தினேன்.

டிசம்பர் 7

வாசலில் துரையின் அம்பாசிடர். லயத்துக்கு இதுவரை கார் வந்ததில்லை.

துரையின் மகளுக்கு இருபதாம் தேதி நிச்சயதார்த்தம். அவர் திரும்பி வருவதற்குள் கார் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அது சரி. ஆனால் பங்களாவின் கொட்டகையில் அல்லவா பாலிஷ் போடுவார்? அங்கே வெளிச்சம் போதவில்லை என்கிறார். இரண்டு வருடமாகப் போதிய வெளிச்சம் இருந்தது.

எதிர்வீட்டுத் தெய்வம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "என்னண்ணே, மகளுக்குச் சீதனமா? கார குடுத்துட்டு லயத்துல எங்க நிப்பாட்டுவீங்க?" அப்பா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனார்.

இலங்கையில், ஹட்டன் தோட்டத்தில் இருந்தபோதே இது எங்கள் இருவரின் வேலை. அப்பா பெயிண்டைப் பார்ப்பார். விரல் மெலிசு என்று நிக்கல் பட்டைகளை என்னிடம் விடுவார். பல்பொடியும் பழைய பனியனும் போதும். அம்மா இருந்தவரை எங்களைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். இன்று அப்பா என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். இடது பக்கம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வலது பக்கத்துப் பட்டைகளைத் தேய்த்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அப்பா மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். காரின் இடது விளக்கு வளையம் மங்கிக் கிடந்தது. திருகாணியைக் கழற்றி எடுத்தேன். உள்ளே, வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவில், கறுப்பாக ஒரு கொத்து. முடி என்று நினைத்தேன். முரட்டு முடி. மிருகத்தின் முடி.

வெளிச்சத்தில் பிடித்தேன். அதில் ஒரு இழை சிவப்பு.

எங்கள் கறுப்புக் கம்பளிகளுக்கு ஓரத்தில் சிவப்புக் கோடு உண்டு. தோட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்த கம்பளி. மழைக்கும் பனிக்கும் தலையோடு போர்த்துக்கொண்டு குனிந்து நடப்போம். சுப்பம்மாவும் அப்படித்தான் நடப்பாள். முதுகில் விறகு வேறு.

அப்பா வந்தார். என் கையைப் பார்த்தார். எண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சொன்னது கொஞ்சம்தான். மூடுபனி. கறுப்பாக, கூனலாக ஏதோ முன்னால் வந்தது. பிரேக் போட்டும் இடித்தது. "காட்டெருமைன்னுதாம்மா நெனச்சேன். வேலன் சொன்னான்ல, நிக்கக்கூடாதுன்னு. நிக்காம வந்துட்டேன்." வீட்டுக்கு வந்து செய்தி கேட்டபோதுதான் தெரிந்ததாம்.

ஜெயிலா? வேலை போகும், அது நிச்சயம். டிரைவர் வேலைக்குத்தான் இந்த வீடு. வீடு போனால் எங்கே? திரும்பிப் போகக் கப்பல் இல்லை. இங்கே எங்களுக்கு ஊர் என்று ஒன்றும் இல்லை.

இழைகளை அடுப்பில் போட்டேன். அவர் போடச் சொல்லவில்லை. நான்தான். கம்பளி எரிகிற நாற்றம் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. தெய்வம்மா வந்து என்ன தீய்கிறது என்று கேட்டாள். துணி என்றேன்.

டிசம்பர் 10

மட்கார்டில் ஒரு சிறு ஒடுக்கு. உள்ளேயிருந்து மரக்கட்டையால் தட்டி அப்பா ஓரளவு நிமிர்த்திவிட்டார். கீறல்கள் மேல் பழுப்புப் பசையைத் தடவி ஈரத்துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பிறகு மெழுகு. பிறகு மறுபடியும் பசை.

கீறல் போய்விட்டது. ஒடுக்கு போகவில்லை. அழுக்காக இருந்தபோது யாருக்கும் தெரிந்திராது. இப்போது துணி காயும் கொடிக்கயிற்றின் பிம்பம் அந்தக் கறுப்பில் நேராக வந்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் நெளிந்து, மறுபடி நேராகப் போகிறது. எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு தெளிவாக நெளிகிறது. அப்பா கயிற்றை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவிடுக்கில் பார்க்கிறேன்.

டிசம்பர் 11

தெய்வம்மா கூப்பிட்டாள். மறுத்தால் சந்தேகப்படுவாளோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்காக மட்டும்தான் போனேன். எழுதிவைக்கிறேன்.

சுப்பம்மாவின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முகம் சிறுத்திருந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் கேட்கக் கேட்க, காட்டெருமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கு இரண்டு கண்ணும் மஞ்சளாக எரிந்ததாம். பின்னாலிருந்து வந்து தூக்கி எறிந்ததாம். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"முட்டிட்டு ஓடலை தெரியுமா," என்றாள் என்னிடம். "நின்னுச்சு. ரொம்ப நேரம். உர்ருன்னு மூச்சு விட்டுக்கிட்டே. நான் செத்தவ மாரி கெடந்தேன். அப்புறம் மெதுவாப் போயிருச்சு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். மிச்சத் தண்ணீரை நான் கட்டிலில் சிந்தியதைப் பார்த்து, "பயந்துட்டியா பிள்ளை," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிற்காமல் வந்ததாகத்தானே அப்பா சொன்னார்?

டிசம்பர் 12

மாலையில் பழனியாண்டி வந்தார். கார் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். ரிசர்வ் காட்டுக்குள் விறகு வெட்டப் போனதால்தான் முட்டியது என்கிறாராம் காட்டுக் காவலர். குடும்பத்தின் மேல் கேஸ் எழுதுவாராம். சாலையில்தான் கிடந்தாள் என்று எவ்வளவு சொல்லியும், காட்டெருமை சாலைக்கு வந்து முட்டாது என்கிறார். நாளை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க நாலு எடம் போய்வந்த ஆளு. எனக்கு அங்க பேச வராதுண்ணே. கூட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

வருவதாகச் சொன்னார் அப்பா.

பழனியாண்டி போனதும் கதவைச் சாத்தினேன்.

"நின்னீங்களா?"

"நின்னேன்."

"எறங்கலையா?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு? காட்டெருமைக்கா?"

அப்பா மெழுகு டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினார். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த மூடுபனியில் எதை நினைத்துப் பயந்தோம் என்பது. அல்லது தெரிந்தே இருக்கலாம். எனக்கு எது வேண்டும்? எது உண்மையாக இருந்தால் நான் இந்த வீட்டில் தூங்குவேன்?

நாளைக்கு அங்கே பேசாமல் இருந்துவிடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. வந்தது மட்டுமில்லை. சொன்னேன். "சும்மா கூட நின்னுட்டு வந்துருங்கப்பா. நம்மளுக்கு யாரு இருக்கா?" கெஞ்சினேன்.

டிசம்பர் 13

விடியும் முன் அப்பா காரை ஒருமுறை துடைத்தார். முழுவதும் துடைத்து, கண்ணாடிகளைப் பேப்பரால் தேய்த்து, சாவியை அலமாரியில் வைத்தார். பிறகு பழனியாண்டியோடு நடந்து போனார். இருவரும் ஒரே பீடியைப் பற்றவைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மத்தியானம் கழிந்தது. சோறு வடித்தேன். ஆறியது.

பழனியாண்டி மட்டும் திரும்பி வந்தார்.

உள்ளே வரவில்லை. காரின் முன்னால் போய் நின்றார். "எந்தப் பக்கம்?" என்றார். காட்டினேன். உள்ளங்கையை மட்கார்டின் மேல் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காட்டு ஆபீசில் காவலர் எழுத ஆரம்பித்ததும் அப்பா நிறுத்தினாராம். காட்டெருமை இல்லை, நான் என்றாராம். அங்கேயிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறார்கள்.

"வழி பூரா ஏங்கூட பேசிக்கிட்டே வந்தாரு," என்றார் பழனியாண்டி. "அவ கால் எப்புடி இருக்குன்னு கேட்டாரு." கையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்கு இன்னும் தெரியாது. நீ போயி சொல்லிரு. என்னால ஆகாது."

கறுப்பு மெருகின் மேல் அவர் கை தெளிவாகப் பதிந்திருந்தது.

டிசம்பர் 14

ஸ்டேஷனில் அப்பாவைப் பார்க்க விட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நானும் அதையே கேட்டேன்.

அங்கேயிருந்து ஆஸ்பத்திரி. பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். கட்டில் அருகே நின்றதும் ஒன்றும் இல்லை. "அக்கா, அது கார். அப்பா ஓட்டின கார்." அவ்வளவுதான் வந்தது. இழைகளை எரித்ததையும் சொன்னேன்.

சுப்பம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப எங்க ஊட்டுக்காரர அந்தக் கேசுலருந்து விட்டுருவாங்களா?" என்று கேட்டாள். விட்டுவிட்டார்கள் என்றேன். தலையசைத்தாள்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அந்தக் கண்ணு எரிஞ்சதே. நின்னதே. அது ஒங்கப்பனா?"

"ஆமாம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டிசம்பர் 15

லயத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. தெய்வம்மா மட்டும் வாசலில் ஒரு கிண்ணம் குழம்பை வைத்துவிட்டுக் கூப்பிடாமல் போய்விட்டாள்.

டிசம்பர் 17

துரை வந்துவிட்டார். காரை எடுத்துப்போகப் புது டிரைவர் வந்தார். சின்ன வயது. சுற்றிப் பார்த்துவிட்டு, யார் போட்டது இவ்வளவு நல்ல பாலிஷ் என்று கேட்டார். சாவியைக் கொடுத்தேன்.

மேஸ்திரி வேலனும் கூடவே வந்திருந்தார். அந்தக் காட்டெருமைக் கதையெல்லாம் தான்தான் சொன்னது என்று முணுமுணுத்தார். வந்த வேலை வேறு. "ஏனுங்க, ஊட்டுல வேலைக்கு வர்ற ஆளு ஒருத்தராவது இருக்கோணுமுங்க. இல்லீன்னா மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லுவாங்க. நானாச் சொல்லலீங்க." யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அப்பாவை எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. விட்டால் வருவதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. சின்னச் சின்னதாக, பெயர் வைக்கக்கூடிய பயங்கள்.

டிசம்பர் 18

விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். பெண்கள் விலகி நின்றார்கள். காலியாக இருக்கும் தேயிலை நிரை ஒன்றுதான் என்றார் வேலன், என் முகத்தைப் பார்க்காமல். சுப்பம்மாவின் நிரை. கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மாலைவரை கொழுந்து எடுத்தேன்.