பிஸ்கட் தட்டு

ஜூன் 8, ஞாயிறு

சோபா தைக்கிறவர் கடைப் பின்னறையில் வழக்கமான போக்கர். சில்லறைக் காசு ஆட்டம்தான்; ஆனால் தோற்றவனை வாரம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள். இன்று வெறுங்கையோடு பந்தயத்தை ஏற்றிப் பார்த்தேன். ஒருவரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகவில்லை. எங்களோடு ஆடும் டிரைவர், "பார்ப்போம்" என்று காசைப் போட்டார். அவர் கையில் என்ன? ஒரு ஜோடி மூன்று. அதை வைத்துக்கொண்டு எவனாவது உட்காருவானா? போதாததற்கு நான் நகர்த்திக் கொடுத்த பிஸ்கட்டையும் தின்று தீர்த்தார். ஆட்டம் தெரிந்தவனை மிரட்டலாம். இவர்களை என்ன செய்வது?

எதிரே தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவனை இந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போனதே நான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடியும் மண்ணைக் கவ்வினேன்.

ஜூன் 18, புதன்

என் கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. ஞாயிறு எனக்கு மூன்று ராஜா வந்தபோது மட்டும் எல்லோரும் கவிழ்த்துவிட்டார்கள். எதற்கும் கவிழ்க்காத டிரைவர்கூட. நான் புளுகினால் உட்காருகிறார்கள், நிஜமாக இருந்தால் விலகிவிடுகிறார்கள் — எப்படி?

ஜூன் 20, வெள்ளி

முடிதிருத்துபவரும் எங்கள் ஆட்டக்காரர்தான். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கேட்டேன்.

"அட, உங்களுக்கே தெரியாதா? கையில ஒண்ணுமில்லைன்னா பிஸ்கட் தட்டை எங்க பக்கம் தள்ளுவீங்க. உங்க தம்பிதான் சொன்னாரு."

பாதி வெட்டிய தலையோடு எழுந்து போகவும் முடியவில்லை.

ஜூன் 21, சனி

கூடப் பிறந்தவன்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று ஏஸ் வந்தது. தட்டை மெதுவாக டிரைவர் பக்கம் தள்ளினேன். "பார்ப்போம்" என்றார். எல்லோரும் காசைப் போட்டார்கள், தம்பியும்தான். சீட்டை விரித்துவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். ஜெயித்த காசை எண்ணக்கூட இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன், உனக்கு எப்படிடா தெரியும் என்று.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, 'ஒண்ணுமில்லடா, நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவாரு'ன்னு சொல்லிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினியே. அப்பவே தெரிஞ்சுபோச்சுண்ணே."

அதையா? அதையாடா கொண்டுபோய் அவங்க சிரிக்கறதுக்குக் குடுத்தே? அன்றைக்கு டாக்டர் என்னிடம் கையை விரித்திருந்தார். அவன் ஒரு ராத்திரியாவது தூங்கட்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஆட்டத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். மனைவி டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"விளையாட்டா சொல்லிட்டேன். தப்புதான். இன்னும் கோவமாண்ணே?"

"சேச்சே, அதையெல்லாம் அப்பவே மறந்துட்டேன்டா" என்றேன்.

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு அவன் பக்கம் இருந்தது, என் விரல் இன்னும் அதன் விளிம்பில்.

ஒரு பிஸ்கட்டை எடுத்தான். கிளம்பும்வரை அதைத் தின்னவில்லை.