அருவியில காட்டின முதுகு

செம்பகத்துக்கு,

நீ நடவுக்குப் போன பொறவு ஐந்தருவியில போய் முதுகைக் காட்டிட்டு வந்தேன். தேங்கா மூட்டை தூக்குத நாங்க எல்லாரும் செய்யுததுதான். அருவித் தண்ணி விழுந்ததுல முதுகு இளகிட்டு. நெஞ்சு இறுக்கம் மட்டும் விடல. மேட்டுல ஏறும்போது கூடிச்சு, உக்காந்ததும் குறைஞ்சிது.

போன மாசம் முதுகு ஸ்கேனைப் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னதுல உனக்குப் பாதிதான் சொன்னேன். நடுமுதுகுல நரம்பு நசுங்கினா நெஞ்சைச் சுத்திக் கயிறு கட்டின மாதிரி இறுக்கலாம்னாவ. ஆனா இருதயத்தைப் பாக்காம அப்படி முடிவு பண்ணக் கூடாதுன்னும் சொன்னாவ. அதை மறைச்சேன். காலையில, இறுக்கம் முதுகாலதான்னு நான் சொன்னப்ப, "உமக்கு முதுகு என்ன முன்னாலயா இருக்கு? நெஞ்சு இறுக்குதுன்னு ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லும்"னு நீ சொன்னதுக்குத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

இப்ப மணிமுத்து ஆட்டோவுல தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போறேன். மேஸ்திரி வந்தா இன்னைக்கு லோடுக்கு வரலன்னு சொல்லு. பானையில கஞ்சி இருக்கு. குடிச்சிட்டு, வீட்டைப் பூட்டிட்டு வா.

தங்கசாமி

பரண்ல முதுகு ஸ்கேன் படத்தைத் தேடாத, எடுத்துட்டேன். ஆனா அதைக் காட்டுததுக்கு முந்தி நெஞ்சு இறுக்குதுன்னுதான் சொல்லுவேன். நீ சொல்லச் சொன்ன மாதிரியே.