மாதர் தலைவியின் மகள்

பக்கத்து வீட்டில் இன்று கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். ஆரத்தி எடுத்துத் தெருவில் ஊற்றிய மஞ்சள், சுண்ணாம்புத் தண்ணீரின் வாசம் ராகலைக் குளிரில் கலையாமல் வார இறுதிக்கு நான் வந்திருக்கும் எங்கள் கடை வாசல்வரை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அது மங்கல வாசம். எனக்கு அதை முகர்ந்தால் கோபம் வரும். அந்தக் கோபத்தை எனக்குப் பழக்கிவிட்டுப் போனவள் நீதான்.

நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மனதில் நீ இன்னும் பல்கலைக்கழக விடுதியில் நாம் இருந்த அந்தச் சின்ன அறையிலேதான் இருக்கிறாய், ஈரத் தலையோடு, எதற்காவது சண்டை பிடித்துக்கொண்டு.

நான் பசார் கடைக்காரர் மகள். நீ வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். இரண்டாம் வருடம் தமிழ்ச் சங்கத்தின் யாப்பை, அதன் சட்டதிட்டப் புத்தகத்தை, எடுத்துப் பார்த்தோம். பக்கத்துக்குப் பக்கம் ‘அவன்’. அறிவித்தல் எல்லாம் ‘சகோதரர்களே’. உறுப்பினரில் பாதிக்குமேல் பெண்கள். மாற்றச் சொல்லி விடுதி விடுதியாக ஏறிக் கையெழுத்து வாங்கினோம். “அவன்னா எல்லாருந்தான். இவளுக தமிழக் கெடுக்க வந்துட்டாளுக” என்றான் ஒருவன்.

“நாங்க ஒரு வார்த்த கேட்டதுக்கே கெட்டுப் போற மாதிரியா தமிழ் இருக்கு?” என்று நீ கேட்டாய்.

கடைசியில் சங்க நிர்வாகிகள் இறங்கி வந்தார்கள். ‘சகோதர சகோதரிகளே’ என்று எழுதச் சம்மதித்தார்கள். அதோடு ‘மாணவியர் தலைவி’ என்று புதிதாக ஒரு பதவியும் தருவதாகச் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சங்கத் தலைவர் தேர்தலுக்கு நீ பெயர் கொடுத்திருந்தாய். இனி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இதை வாங்கிக்கொள்வாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சங்கக் கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய்.

“எங்கம்மா தோட்டத்து யூனியன்ல மாதர் தலைவி. நான் பொறந்ததுலேருந்து அவங்கதான். பெரியவரு யாராவது வந்தா ஆலாத்தித் தட்டோட ரோட்டுல நிப்பாங்க. சம்பளப் பேச்சுக்கு ஒரு நாளு கூப்பிட்டதில்ல. கொழுந்து எடுக்கிறது பூரா பொம்பளைங்க, பேசப்போறது தலைவரு. அந்த வேலையத்தான் இங்கயும் தர்றீங்களா?”

“தங்கச்சி, தலைவின்னா கௌரவந்தானே?” என்றார் ஹட்டன் பக்கத்துச் சீனியர் ஒருவர்.

“அப்ப அந்தக் கௌரவத்த நீங்களே வச்சுக்கங்கண்ணே. தலைவர் வேலைய எனக்குக் குடுங்க.”

மண்டபம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. நீ வேண்டாமென்று தள்ளிய பதவியை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்தலில் நீ தோற்றாய். அதன்பின் ஒரே அறையில் இருந்துகொண்டு நாம் பேசவில்லை.

ஆண்டு விழா வந்தது. ‘மாணவியர் தலைவி’ பட்டுச் சேலையில், ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் நின்றேன். பிரதம விருந்தினர் வந்தார், பொட்டு வாங்கினார், உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த விருந்தினர் வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே கைதட்டல் கேட்டது. நூலகத்திலிருந்து நீ வந்தாய். கேலி பண்ணப்போகிறாய் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“கை வலிக்குதா புள்ள?” என்றாய். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. “தட்டக் கீழ வய்யி. உள்ள போவோம். நம்ம சங்கம், நம்ம விழா.”

கதவைத் தள்ளிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நீ கால்மேல் கால் போட்டுக்கொண்டாய்.

இப்போது அதே பல்கலைக்கழகத்தில் நான் விரிவுரையாளர். போன வெள்ளிக்கிழமை ஆசிரியர் சங்கக் கூட்டம். யாப்பில் பெண்களையும் சேர்த்து எழுதுவது பற்றி மூன்று மணிநேரம் விவாதம். மொழி கெட்டுவிடும் என்று சொல்ல அங்கேயும் ஒருவர் இருந்தார். ஆனாலும் சொற்களையெல்லாம் ஒழுங்காகத் திருத்திவிட்டார்கள். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. நாம் கையெழுத்து வாங்கி அலைந்தது அதற்கும்தான். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு புதுப் பதவி: மகளிர் தலைவி. பொறுப்பு, விருந்தினர் வரவேற்பு.

“நம்ம மிஸ்தான் இதுக்குப் பொருத்தம்” என்று செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வேணாம் சேர். அந்தப் பதவிய எடுத்துருங்க. தலைவர் பதவிக்கு என் பேரப் போடுங்க” என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை வாக்கெடுப்பு. தோற்றாலும் தோற்பேன். தோற்றபின் எப்படி நிமிர்ந்து நடப்பது என்று உன்னைப் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைய தேர்தலில் வாக்குச் சீட்டில் உன் பெயருக்கு நேரே நான் புள்ளடி போடவில்லை. நீ வென்றால் என் பதவி வெறும் தட்டுதான் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம். வெற்றுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் பேசினோம். ஒரு ஞாயிறும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்குப் போடாத அந்தப் புள்ளடி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. புதன்கிழமை என் பெயருக்கு நேரே போடுகிறேன்.