அம்மாவின் ஜெபம் போய்ச் சேர்ந்த வீடு

ஐயா,

என் அக்காவைக் கங்காணியிடம் காட்டிக்கொடுத்தவர் நீங்கள்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு மிஷன் பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் கார்பாலிக் சோப்பு வாசனை. ஞாயிறுதோறும் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எங்கள் சிரங்குக் கைகளை நீங்களே கழுவிவிடுவீர்கள். பெரிய கங்காணி எங்கள் நிழல்கூடத் தன்மேல் படவிடாத காலம் அது. "சுத்தமா இருக்கிற பிள்ளைய யாரும் ஏய்க்க முடியாது" என்பீர்கள். நான் நம்பினேன். அம்மாவும் நம்பினாள்.

ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பின்னறைக்கு வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். உபதேசியாரான நீங்கள் அவர்களுக்காக ஜெபிப்பீர்கள். அந்த ஞாயிறு அம்மா முழங்காலிட்டாள். செல்லம்மா அக்காவைத் தன் வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லியிருந்தான் கங்காணி. அந்த வீட்டுக்குப் போன பெண்கள் எப்படித் திரும்பினார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"செவ்வாக்கிழம காலையில எஹலியகொடயில புள்ளைய ரயிலேத்தி, எந்தம்பிகிட்ட அனுப்பப் போறேங்க. ஆண்டவரு வழித்தொணையா வரணும்னு கேளுங்க ஐயா" என்றாள்.

அறையில் இருந்தது அம்மா, நீங்கள், நான், மூவர்தான்.

செவ்வாயன்று ஸ்டேஷன் வாசலில் கங்காணி பல்லைக் குத்திக்கொண்டு நின்றான். "ஆண்டவர வழித்தொணைக்குக் கூப்பிட்டியாமே? அவருக்கு சோலி இருக்காம். என்னைய அனுப்புனாரு" என்றான். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா அந்த வீட்டிலேயே பிரசவத்தில் செத்தாள். அடக்கத்தில் நீங்கள் செய்த பிரசங்கத்தைக் கேட்டு எல்லாரும் அழுதார்கள். அதற்குள் பள்ளிக்கூடத்துக்குத் தோட்டத்து நிலமும், கங்காணியின் தயவில் தகரக் கூரையும் கிடைத்திருந்தன. அந்தக் கூரையின் கீழ்தான் நான் படித்தேன், இப்போது படிப்பிக்கிறேன். இத்தனை பிள்ளைகள் படிக்க ஒரு பெண் போனால் போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். போனது உங்கள் பெண் இல்லை.

வருகிற ஞாயிறு உங்கள் படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிறார்கள். நான் பேச வேண்டுமாம். பேசுவேன். கங்காணி முன்வரிசையில்தான் உட்காருவான், பேரப்பிள்ளைகளோடு. செல்லம்மாவின் பெயரில் தொடங்கி உங்கள் பெயரில் முடிப்பேன். உங்கள் மனைவி அழுவார். அழட்டும்.

அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. "ஐயா சொல்லியிருக்க மாட்டாரு தாயி. ஆண்டவருக்குச் சித்தமில்ல" என்கிறாள். அன்றிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டு அவள் ஜெபித்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஸ்தோத்திரம் மட்டும் சொன்னாள். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்த ஸ்தோத்திரத்தைத்தான். காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் நீங்கள் சாகுமுன் கடைசியாகக் கிடந்த இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்து வந்தேன். உங்களுக்கென்று வாங்கிய தோடம்பழங்களை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் உள்ளே வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "ஜெபம் பண்ணுவோமா பாப்பா?" என்றீர்கள்.

"ஜெபம் வேணாங்க. அம்மா வெளிய உக்காந்திருக்கு, கூப்பிடுறேன். வழிய மறிச்சது ஆண்டவரு இல்ல, நாந்தான்னு அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"சொல்லுங்க ஐயா" என்றேன்.