பதினேழாம் எண் கேபிள்

அனுப்புநர்:
மோனிகா (வயது 27),
க/பெ. காலஞ்சென்ற ஸ்டீபன்,
கணினி இணைப்புக் கேபிள் பணியாளர்,
14, மாதா கோயில் தெரு,
அத்திப்பட்டு, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்,
திருவள்ளூர்.

பொருள்: 10.3.2005 அன்று கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும்போது இறந்த என் கணவரை, கேபிள் திருட வந்தவர் என்று பதிவு செய்திருப்பது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவர் ஸ்டீபனும் ஆறு ஆண்டுகளாகக் கம்பெனிகளில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் வேலை செய்து வந்தோம். அவர் சென்னையில் கற்றுக்கொண்டார். அவரிடம் நான் கற்றுக்கொண்டேன். கேபிள் போகச் சுவரில் குழாய் அடிப்பது, கேபிள் இழுப்பது அவர் வேலை. முனையில் கனெக்டர் பொருத்துவது, டெஸ்டர் வைத்து சரிபார்ப்பது என் வேலை. காலை மின்சார ரயிலில் கேபிள் பெட்டியோடு ஏறுவோம். கும்மிடிப்பூண்டி நிலையத்தில் எங்களைத் தெரியாத போர்ட்டர் கிடையாது.

2. சென்ற மார்ச் மாதம் நீலமேகம் ரோலிங் மில் என்ற இரும்பு ஆலையில் எங்களுக்கு வேலை கொடுத்தார்கள். கொடுத்தவர் அங்கே கணக்குப் பிரிவு அலுவலராக உள்ள திரு. ஜெயராஜ். இருபத்து நான்கு கணினிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் அலுவலக அறையில் உள்ள சுவிட்ச் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். நான்கு நாளில் இருபத்து மூன்று முடிந்துவிட்டது. லாரி எடை போடும் அறைக்கான பதினேழாம் எண் கேபிள் மட்டும் பாக்கி. அந்த அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஸ்டோர் கொட்டகை இருக்கிறது. அதன் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

3. ஷீட்டின் மேல் போட்டு நடக்கப் பலகை வேண்டும் என்று என் கணவர் கேட்டார். திரு. ஜெயராஜ், "பலகை தேடிக்கினு இருந்தா திங்கக்கெழம சாஃப்ட்வேர் ஓடாதுப்பா. ஷீட்டு கெட்டியாதான் கீது. ஓரமா பாத்து ஏறு" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார்.

4. 10.3.2005 வியாழக்கிழமை காலை சுமார் 11.40 மணி. நான் எடை அறையில் கேபிள் பெட்டியின் முன் உட்கார்ந்து கேபிளை விட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூரையிலிருந்து, "விடு மோனி, இன்னும் விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையிலிருந்த கேபிள் வேகமாக ஓடியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர்தான் இழுக்கிறார் என்று நினைத்து, "போதுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டாம் முறையும் கேட்டேன். பிறகு கொட்டகைக்குள் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. ஷீட் உடைந்து அவர் உள்ளே விழுந்திருந்தார்.

5. கம்பெனி வேனில் பொன்னேரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். கவரப்பேட்டை தாண்டுவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. மருத்துவமனையில் ஒரு செவிலியர் என் கையைப் பார்த்துக் கட்டுப் போட்டார். கையில் காயம் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கொடுத்த சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. அதில் தேதியும் நேரமும் உள்ளன.

6. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்கினேன். கம்பெனி மேலாளர் கொடுத்த புகாரின் பேரில், "அடையாளம் தெரிந்த நபர் பின்சுவர் வழியாக அத்துமீறி நுழைந்து, கூரை மேலிருந்த கேபிளைத் திருட முயன்றபோது தவறி விழுந்து" என்று எழுதியிருந்தது. நாற்பது மீட்டர் கேபிள் கைப்பற்றியதாகவும் உள்ளது. ஐயா, அந்தக் கேபிளின் மறுமுனை என் கையில் இருந்தது. என்னை யாரும் விசாரிக்கவில்லை. நான் அங்கே இருந்ததாகவே அறிக்கையில் இல்லை.

7. நாங்கள் முன்வாசல் வழியாகத்தான் போனோம். வாசல் காவலர் திரு. கலியன் எங்கள் இருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதினார். பிறகு நான் போய்க் கேட்டபோது அவர் தலைகுனிந்து, "அந்தப் பக்கத்த மேல கீறவங்க வாங்கிக்கினு பூட்டாங்கமா. என்ன ஒண்ணும் கேக்காத" என்றார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

8. அதன் பிறகு எனக்கு வேலை இல்லை. எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும், "கேபிளு திருட்டு கேஸு, அந்த ஆளு ஊட்டுக்காரிதான நீ?" என்று கேட்கிறார்கள். நான் திரும்பி ரயிலுக்கு வந்துவிடுவேன். அழுகை வருவதில்லை. பசியும் அப்படித்தான். இதைத் தங்களிடம் எழுத வேண்டிய அவசியமில்லை என்றாலும் எழுதிவிட்டேன்.

9. 5.4.2005 அன்று காலை, சுவிட்ச் பெட்டியில் நாங்கள் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்து அதே மில்லிலிருந்து போன் வந்தது. எடை அறைக் கணினி வேலை செய்யவில்லை, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். யாரை அழைக்கிறோம் என்று அழைத்தவருக்குத் தெரிந்திருக்காது. நான் போனேன். ஏன் போனேன் என்று என் அண்ணன் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை ஒன்று முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

10. காவல் துறையினர் கேபிளை வெட்டி எடுத்த இடத்தில், மில்லின் மின் பணியாளர் வேறு துண்டை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். இந்தக் கேபிள் அப்படி ஓடாது. உள்ளே எட்டு கம்பிகள், எட்டும் தன் வரிசையில் போய்ச் சேர வேண்டும். கூரை வழியை விட்டுவிட்டு, சுவர் ஓரமாகக் குழாய் அடித்துப் புதுக் கேபிள் இழுத்தேன். எண்பத்திரண்டு மீட்டர் பிடித்தது. இரு முனையிலும் கனெக்டர் போட்டு டெஸ்டர் வைத்தேன். எட்டு விளக்கும் எரிந்தன. இந்த வழியில் முதலிலேயே போட்டிருக்கலாம். அரை நாள் கூடுதலாக ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

11. வேலை முடிந்தால் பணி அறிக்கையில் கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். அதில் நான், "10.3.2005 அன்று ஸ்டீபன் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்ததால் நின்றுபோன பதினேழாம் எண் கேபிள் இன்று முடித்துக் கொடுக்கப்பட்டது" என்று எழுதி, திரு. ஜெயராஜிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "இது இன்னாத்துக்குமா எழுதற?" என்றார். "நடந்தத எழுதிக்கீறேன் சார்" என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கையெழுத்திட்டு, கம்பெனி முத்திரையும் வைத்தார். அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது. பலகை இல்லாமல் ஏறச் சொன்னவரும் அவர்தான், கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

12. இந்த மனுவில் நான் இழப்பீடு கேட்கவில்லை. என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும், தொழிற்சாலை ஆய்வாளரைக் கொண்டு அந்தக் கூரையைப் பார்வையிடவும், வருவாய்க் கோட்டாட்சியர் மூலம் மறுவிசாரணை நடத்தி, திருட வந்தவர் என்ற பதிவை நீக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். எந்த நாள் அழைத்தாலும் வருவேன்.

13. எங்கள் மகளை ஜூன் மாதம் அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கிறேன். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கேபிள் போடுபவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமை ஆசிரியை அதை வாங்கி வைத்துக்கொண்டார். காவல் நிலையத்தில் இருப்பதும் அரசாங்கக் காகிதம்தான். ஒரே மனிதனுக்கு அரசாங்கத்தில் இரண்டு தொழில் இருக்க முடியாது, ஐயா. எது உண்மை என்று தாங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
ஸ். மோனிகா

இடம்: திருவள்ளூர்
நாள்: 2.5.2005

இணைப்பு: முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவமனைச் சீட்டு, 5.4.2005 தேதியிட்ட பணி அறிக்கை நகல்.