வைத்தியச்சிக்கு மருந்து

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். டேப்லெட்டை அணைத்துவிடாதீர்கள், யாரும் தொடாவிட்டாலும் விளையாட்டில் நான் ஆடும் வைத்தியச்சிக்கு மூலிகை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருக்கும்.

நேற்று அவள் மறுபடி செத்ததும் மருமகள் என்ன சொன்னாள்? "அத்தை, வீரனுங்களுக்கெல்லாம் மருந்து குடுக்கிறீங்க, உங்களுக்குன்னு ஒரு சொட்டு வச்சுக்கலையே! புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு."

"நிஜத்துலயும் இவ அப்படித்தான்" என்று நீங்கள் சிரித்தீர்கள். நான் முறைத்துவிட்டு எழுந்து போனது பயத்தில்.

மார்பில் ஒரு கட்டி. நாலு மாதமாக உங்களிடம் மறைத்தேன். போன வாரம் ஊசி குத்திப் பார்த்தார்கள். இன்று முடிவு சொல்வார்கள்.

பி.கு. தனியாகப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். கடைத்தெரு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, பத்தரை மணி. வந்துவிடுங்கள். டாக்டர் சொல்வதை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்; எனக்குத் தைரியம் இல்லை.